பாண் போறணைக்கு ஒரு கொடிமரம்

கண்ணுக்குப் புது வில்லை வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, சரி, இறக்குங்கள். நம் வயதில் கேட்கவே தேவையில்லாத கேள்விதான். எனக்குப் போன மாதம் வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று கண் ஆஸ்பத்திரிச் சன்னலால் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. அடடா, அந்த நிறங்கள்! எத்தனையோ வருடமாகப் பாலாடைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த உலகத்தை யாரோ கழுவித் துடைத்து முன்னால் வைத்துவிட்டார்கள். "மா பொங்கியிட்டுது, போறணையை மூட்டுங்கோ!" என்று நான் கத்தியே விட்டேன். பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளை பயந்துபோய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தது.

அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? மஞ்சள் என்றால் மா பொங்கிவிட்டது, பாண் சுடும் போறணையை, அதுதான் ரொட்டி அடுப்பை, மூட்டலாம். வெள்ளை என்றால் கொஞ்சம் பொறுங்கள். சிவப்பு என்றால், அதை அதன் இடத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் அதுதான் பாஷை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், ஏன், இலங்கையிலேயே, கொடி ஏற்றிப் பாண் சுட்ட ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வளவில் முன்பக்கம் கடை. அதை ஒட்டிப் போறணைக் கொட்டில். பிறகு அகலமான முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் வீடும் மா அறையும். போறணை பெரியப்பாவின் ராச்சியம். அப்பாவின் தமையன், கலியாணம் செய்யாதவர். போறணையைத்தான் கட்டிக்கொண்டார் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். செங்கல் குகைக்குள் பாலை விறகை எரித்து, தணலை இழுத்தெடுத்து, ஈரச்சாக்கால் உள்தரையைத் துடைத்து, நீளப் பிடி போட்ட பலகையால் பாணை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். மா அறை அம்மாவின் ராச்சியம். குழைத்து, பொங்கவைத்து, வெட்டி, தகர அச்சுகளில் போடுவது வரை அம்மாதான். அப்பாவுக்குக் கடையும் சைக்கிளும். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டி, உப்புவெளி வரைக்கும் மணியடித்துப் பாண் விற்றுவிட்டு வருவார்.

அம்மா இலங்கைத்துறையில் பிறந்தவர். மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். கலியாணம் முடித்து வந்தபோது போறணை என்றால் என்னவென்றே தெரியாதாம். ஆனால் அந்த மாவில் கை வைத்த நாளிலிருந்து அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. சுண்டுவிரலால் மாவை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு அம்மா சிரிக்கும் சிரிப்பைக் கோயில் தேரன்றுகூட நான் அவர் முகத்தில் கண்டதில்லை. மா அறைக்குள் அவர் வேறு ஆள். பாட்டு வரும், பகிடி வரும், எனக்கும் என் தம்பிக்கும் மாவில் மீனும் நண்டும் செய்து தருவார்.

இனிச் சங்கதிக்கு வருகிறேன். அம்மாவும் பெரியப்பாவும் கதைப்பதில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை, மரியாதை. புருஷனுடைய தமையன் முன்னால் வந்து நின்று வாய் திறக்கிற வழக்கம் அப்போது இல்லை. அவரும் அம்மாவை ஒருநாளும் நேரே கூப்பிட்டதில்லை. உங்கள் வீடுகளிலும் இது இருந்ததுதானே? ஆனால் உங்கள் வீடுகளில் அதனால் பாண் கருகவில்லை.

எங்கள் வீட்டில் கருகியது. மா பொங்கியது அம்மாவுக்குத் தெரியும், போறணை சூடானது பெரியப்பாவுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். நடுவில் செய்தி கொண்டு ஓடுகிற ஆள் நான். "அம்மா பொறுக்கட்டாம்" என்று சொல்லப் போகிற வழியில் ஜாம் மரத்தில் பழம் பழுத்திருந்தால் செய்தி அங்கேயே நின்றுவிடும். நான் பள்ளிக்கூடம் போன நேரங்களில் நிலைமை இன்னும் மோசம். அம்மா மா அறை வாசலில் வந்து நின்று பூனையைப் பார்த்து, "பூனையாரே, மா எல்லாம் தயார் எண்டு சொல்லுங்கோவன்" என்பார். பெரியப்பா சுவரைப் பார்த்து, "நெருப்பு இன்னும் காணாது எண்டு ஆரும் அங்காலை சொல்லுங்கோ" என்பார். பூனை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். அம்மாவின் சத்தமோ முற்றம் தாண்டாது. ஆகவே ஒருநாள் பாண் கல்லு, ஒருநாள் பாண் கரி.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. முகாம்களுக்குப் பாண் போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் கப்பலேறிப் போன வருடம் எங்கள் போறணையில் பாதி நாள் நெருப்பே இல்லை. வெளியூர் முதலாளி ஒருவர் வந்தார். கைத்தடியால் போறணையைத் தட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவர் போனபிறகு பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "தைப்பொங்கலோடை குத்தகைக்குக் குடுத்திடுவம் தம்பி. நீ கொழும்பிலை ஒரு கடை வேலை பார். பிள்ளையளும் தாயும் இலங்கைத்துறைக்குப் போகட்டும்."

அம்மா அன்று சாப்பிடவில்லை. வெறும் மா மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கும் தம்பிக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இலங்கைத்துறை நல்ல இடம்தான், கடலும் மணலும் உண்டு. ஆனால் அங்கே போனால் அம்மா இந்த அம்மாவாக இருக்கமாட்டார் என்று எங்களுக்கு எப்படியோ விளங்கியிருந்தது.

அந்தக் கிழமைதான் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. கப்பல் திருத்தும் டொக்யாட் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர், வெள்ளைக்காரன் போனதோடு வேலையும் போய்விட்டது. மற்றவர்கள் வேலை போனால் முகம் தொங்கிப்போய் வருவார்கள். மாமா காதில் பென்சிலோடு, ஒரு தகரப் பெட்டியைத் தலையில் சுமந்தபடி, சீட்டியடித்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் என்ன தெரியுமா? ஒரு பித்தளை மணி, கொளுக்கிகள், கறுப்புப் பெயின்ற் ஒரு தகரம், கழித்துப்போட்ட பழைய கப்பல் கொடிகள். எங்களுக்குத் தீபாவளி, வருஷப்பிறப்பு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டது.

அம்மா அவரைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டார். "எனக்கு இந்த மா வேணுமடா. இதை விட்டிட்டு அங்கை போய் இருந்து நான் என்னத்தைச் செய்யிறது?"

"அழாதை அக்கா. ஒரு சிஸ்டம் போட்டால் சரிவரும்," என்றார் மாமா.

சிஸ்டம்! அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஏதோ தின்கிற பண்டம் என்று நினைத்தேன்.

பின்னேரம் எல்லாரையும் முற்றத்தில் இருத்தினார். பெரியப்பா கதிரையில், அப்பா படியில், அம்மா மா அறைக் கதவுக்குப் பின்னால் நிழலாக. மாமா கடைக் கதவில் வெண்கட்டியால் படம் கீறினார். ஒரு பக்கம் மா அறை, மறுபக்கம் போறணை. "இந்தப் பேக்கரியிலை பிழை மாவிலையும் இல்லை, நெருப்பிலையும் இல்லை. நடுவிலை இருக்கு," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ரோஷம் சொல்லி மாளாது.

பெரியப்பா திடுக்கிட்டுப்போனார். "அப்ப என்ன தம்பி, அவ வந்து எனக்கு முன்னாலை நிண்டு கதைக்கிறதோ?"

"சீச்சீ, ஆர் சொன்னது? ஒருத்தரும் வாய் திறக்கத் தேவையில்லை. கப்பலுக்குக் கப்பல் வாயாலையே கதைக்குது?"

மறுநாள் முற்றத்தின் நடுவில் ஒரு கமுகந்தடி எழும்பியது. உச்சியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் அடி மா அறை வாசலில். கொடியை அம்மா ஏற்றுவார், பெரியப்பா பார்த்து நடப்பார். மஞ்சள் ஏறினால் நெருப்பை மூட்ட வேண்டும். வெள்ளை என்றால் பொறுக்க வேண்டும். பச்சை என்றால் அச்சுகள் வருகின்றன. சிவப்பு ஏறினால் எல்லாம் நில். அடுத்த மணி அடிக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. டொக்யாட்டில் பாரம் தூக்கும்போது அப்படித்தானாம். எல்லாவற்றையும் ஒரு மட்டையில் எழுதிப் போறணைச் சுவரில் ஆணி அடித்தார். கடைசி வரியாக, என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "வாய்ச் செய்தி செல்லாது" என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

ஆனால் எனக்கும் ஒரு பதவி தந்தார். மணி! ஜாம் மர நிழலில் பெட்டி போட்டு உட்கார்ந்து, மாமா கடை மணிக்கூட்டைப் பார்த்துக் கை காட்டும்போது அடிக்க வேண்டும். அதன் சத்தம் வயிற்றுக்குள் போய் அதிரும். நான் அடித்தால் பெரிய ஆட்கள் எழும்புவார்கள், நான் அடித்தால் இருப்பார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதற்குப் பிறகு நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், கடைசியில் அதிபராகவும் இருந்தேன். அந்தப் பெட்டியில் இருந்த அதிகாரம் ஒருநாளும் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயின்ற் தகரத்தின் கதையைக் கேளுங்கள். போறணைச் சுவரில் ஒவ்வொரு சாமானையும் வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்பால் கீறினார் மாமா. நீளப் பலகைக்கு ஒரு நிழல், அரிதட்டுக்கு ஒரு நிழல், தணல் இழுக்கிற கம்பிக்கு ஒரு நிழல். எந்தச் சாமான் இடத்தில் இல்லையோ அதன் நிழல் மட்டும் தனியாகத் தெரியும். "அது எங்கை, இது எங்கை எண்டு தேடுற சத்தமே இனி இந்த வளவிலை கேக்கக் கூடாது," என்றார். மிச்சப் பெயின்ற்றில் தம்பி, போறணைக்குப் பக்கத்தில் படுத்திருந்த பூனையைச் சுற்றியும் கீறிவிட்டான். பூனை எழும்பிப் போனதும் சுருண்டு படுத்த ஒரு பூனையின் கோடு தரையில் மிஞ்சியது. அடி விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "சரி, அதுக்கும் ஒரு இடம் வேணும்தானே," என்றார்.

பெரியப்பா முதலில் முரண்டு பிடித்தார். "பாண் சுடுறதுக்குக் கொடி ஏத்தோணுமோ? சுதந்திர தினமே கொண்டாடுறம்?" என்று புறுபுறுத்தார். கொடியைக் கண்டேன் என்பதற்குப் பதில் கொடி காட்ட வேண்டும் என்று மாமா சொன்னதற்கு, தோளில் கிடந்த துவாயை எடுத்து ஒரு உதறு உதறிவிட்டுத் திரும்பிவிட்டார். மாமா அசரவில்லை. மட்டையில் "பதில்: துவாய்" என்று எழுதிவிட்டார்.

அன்றைய பாண் வெளியே வந்தது. ஐயோ, அந்த மணம்! பொன் நிறத்தில், தலை பூரித்து, தட்டினால் உடுக்கு மாதிரிச் சத்தம். மா பொங்கின சரி நேரத்துக்குப் போறணை சரி சூட்டில் இருந்தது அன்றுதான் முதல் தடவை. பெரியப்பா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். மறுநாள் காலை மாமாவுக்கு முன்பே எழும்பி, கமுகந்தடியின் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க ஏலாது. எங்கள் எல்லாரிலும் பெரிய சிஸ்டக்காரர் அவராகிவிட்டார். அரிதட்டு அதன் நிழலைவிட்டு ஒரு விரல் விலகித் தொங்கினால் மாமாவையே கூப்பிட்டு ஏசுவார். பாண் வாங்க வந்தவர்களிடம், "இன்னும் மணி அடிக்கேல்லை, நில்லுங்கோ," என்பார். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். கொடி ஏறுகிறதைப் பார்க்கவென்றே தெருவில் சனம் சேரத் தொடங்கியது. மூதூருக்கு லோஞ்சுப் படகில் போகிறவர்கள்கூட எங்கள் கடைக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் போனார்கள். ஆனாலும் முகாம்கள் வாங்கின அளவுக்குக் கடை வியாபாரம் வருமா? தைப்பொங்கலும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமா காதுப் பென்சிலோடு கப்பல் ஏஜன்ட்மாரின் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒருநாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். தேயிலை ஏற்ற ஒரு வெளிநாட்டுக் கப்பல் நிற்கிறதாம். கப்பலாட்கள் காய்ந்த விசுக்கோத்துத் தின்று நாக்குச் செத்துப்போய் இருக்கிறார்களாம். நாளை மாலைக்கிடையில் பாண் ஏறினால் போதும், இரவுதான் பயணம். "நல்லா இருந்தால் இனி வாற கப்பலுக்கெல்லாம் நீங்கள்தான் எண்டு ஏஜன்ட் சொல்லிப்போட்டார்!"

பெரியப்பா எழும்பி நின்றார். முற்றத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இது சரிவந்தால் போறணை எங்கடை. பிழைச்சால், கதவுத் திறப்பை அந்த முதலாளியிட்டைக் குடுக்கிறன்." கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் ஒருமுறை கிலுங்கியது.

விடியும்போதே மஞ்சள் ஏறியது. அப்பா வழமைப் பாணோடு உப்புவெளிக்குப் போனார். மணி, கொடி, துவாய் எல்லாம் எண்ணெய் போட்ட இயந்திரம் மாதிரி ஓடின. முதல் சூளைப் பாண் மதியத்துக்கு முன்பே வந்து, பனையோலைக் கடகங்களில் நிறைந்து, வெள்ளைத் துணி மூடி நின்றது. இரண்டாவது சூளை உள்ளே போய்விட்டது. அது வெந்தால் முடிந்தது. மாமா படகு பிடித்து வைக்கத் துறைக்குப் போனார். எனக்கும் தம்பிக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

அப்போதுதான் அம்மா தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனார். அங்கே இரண்டு தென்னைக்கு நடுவில் துறைமுகம் ஒரு துண்டு தெரியும். அம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கப்பல் புகைக்கிறது. அதன் கொடிக்கம்பத்தில் நீலக் கொடி, நடுவில் வெள்ளைச் சதுரம். அந்தக் கொடி ஏறினால் பயணம் வெளிக்கிடப் போகிறது என்று மாமா எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்திருந்தார். இரவு போக வேண்டிய கப்பல், வேலை முடிந்ததோ என்னவோ, இப்போதே புறப்படுகிறது!

இருக்கிற பாணை உடனே அனுப்புங்கள் என்று சொல்ல அம்மாவிடம் கொடி இல்லை. மாமாவின் மட்டையில் அப்படி ஒரு சங்கதியே இல்லை. அம்மா பதறிப்போய், எப்படியாவது பெரியப்பா திரும்பிப் பார்க்கட்டும் என்று சிவப்பை ஏற்றினார்.

பெரியப்பா பார்த்தார். துவாயை உதறினார். நீளப் பலகையை அதன் நிழலில் மாட்டினார். கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். சிவப்பு என்றால் எல்லாம் நில்.

"ஓடு, ஓடிப்போய்ச் சொல்லு! கப்பல் வெளிக்கிடுதாம், வெந்ததை ஏத்தட்டாம்!" என்று அம்மா என்னைத் தள்ளினார். நான் பறந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு செய்தியைச் சொல்லுக்குச் சொல் பிசகாமல் கொண்டுபோய்ச் சொன்னேன்.

பெரியப்பா மட்டையைக் காட்டினார். "வாய்ச் செய்தி செல்லாது. கொடி சிவப்பு. நீ ஏன் மணியை விட்டிட்டு வந்தனீ? போ, உன்ரை இடத்துக்குப் போ."

"பெரியப்பா, உண்மையா..."

"சிஸ்டம் எண்டால் சிஸ்டம்."

நான் அழுதுகொண்டு திரும்பினேன். அம்மா வெள்ளையை ஏற்றினார். பச்சையை ஏற்றினார். இருந்த கொடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஏற்றினார். கமுகந்தடி கோயில் திருவிழா மாதிரிப் படபடத்தது. பெரியப்பா மட்டைக்குக் கிட்டப் போய் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். "இப்பிடி ஒண்டு இல்லையே," என்று சொன்னது எனக்குக் கேட்டது. மணியை அடித்தால் சிவப்பு முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமா கை காட்டாமல் அடிக்கக் கூடாதே! அந்த நேரத்தில் காற்றில் ஒரு மணம் வந்தது. இரண்டாவது சூளைப் பாண் உள்ளே கருகத் தொடங்கிவிட்டது.

அந்த மணம் அம்மாவுக்கும் எட்டியது. முழங்கை வரைக்கும் மாவோடு முற்றத்தில் இறங்கினார். கமுகந்தடியைக் கடந்தார். என்னைக் கடந்தார். பெரியப்பா உள்ளே இருக்கும்போது அவர் ஒருநாளும் மிதித்திராத போறணைக் கொட்டில் வாசலில் போய் நின்றார்.

"அத்தான்."

பெரியப்பா திரும்பினார். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் குரல் தன்னைக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"போறணையைத் திறவுங்கோ அத்தான், பாண் கருகுது. கப்பல் வெளிக்கிடுது. கெதியா ஏத்துங்கோ, நான் வண்டியைப் பிடிக்கிறன்!"

எங்கள் நெஞ்சு அடித்த அடியில் பூனைகூட எழும்பி நின்றது. பெரியப்பா மட்டையைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்க்கவில்லை. "ஓம்," என்றார். ஒரே ஒரு ஓம். அடுத்த நொடி பலகை அவர் கையில் இருந்தது. கதவைத் திறந்தார், குபீரென்று சூடு அடித்தது, பாண்கள் பறந்து வெளியே வந்தன. ஓரத்தில் இருந்தவைதான் கரி, நடுவில் இருந்தவை அருமை! பின்பக்கம் நின்ற தள்ளுவண்டியை அம்மா இழுத்து வந்தார். கடகங்களைத் தூக்கி அடுக்கினோம். ஒரு பிடியில் பெரியப்பா, மறுபிடியில் அம்மா. நான் மணியைக் கொளுக்கியோடு கழற்றிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்ல! நான் மணியடித்து வழி விலக்குகிறேன். தம்பி பின்னால் நின்று தள்ளுகிறான். தெருப் பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் குடத்தை நிரம்பி வழியவிட்டு வாய் பார்க்கிறார்கள். அம்மாவின் குரல், முற்றம் தாண்டாத அந்தக் குரல், தெரு முழுக்கக் கேட்கிறது.

"இடப்பக்கம் பள்ளம் அத்தான்!"

"ஓம் பிள்ளை!"

"மெதுவா, மெதுவா, திருப்பம்!"

"ஓம் பிள்ளை, பிடிச்சுக்கொள்!"

துறையில் மாமா படகுக்காரனின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் சத்தமாய்ச் சிரித்தார். கடகங்களோடு மாமாவும் படகில் இறங்கினார், படகு பறந்தது. கப்பலிலிருந்து கயிறு இறங்கியது. ஒவ்வொரு கடகமாக மேலே ஏறுவதைக் கரையில் நின்று பார்த்தோம். மேலே நின்றவர்கள் வெள்ளைத் துணியை விலக்கி அங்கேயே பிய்த்துத் தின்னத் தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு மாமா சொன்னார். கப்பல் ஊதியது. அந்த ஊதல் எங்களுக்காகத்தான் என்று நானும் தம்பியும் குதித்த குதியில் மணி கையிலிருந்து விழுந்து ஓரம் நெளிந்துபோனது.

மாமா படகால் இறங்கும்போதே கத்தினார். "ஏஜன்ட் கையடிச்சுத் தந்திட்டார்! வாற கப்பலும் எங்களுக்குத்தான்!"

அம்மா சிரித்தார். பெரியப்பா சிரித்தார். இரண்டு பேரும் ஒரு வண்டியின் இரண்டு பிடியில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அம்மா சட்டென்று கையை எடுத்து முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் பெரியப்பா தனியாக வண்டியைத் தள்ள, அம்மா பத்தடி பின்னால் நடந்து வந்தார். அன்று முழுக்க அம்மா மா அறையைவிட்டு வெளியே வரவில்லை. "நான் பெரிய பிழை விட்டிட்டன். தெருவிலை நிண்டு அவரை ஏவினன்," என்று அப்பாவிடம் சொல்லிக் கண் கலங்கினார். போறணை மிஞ்சியது, மா மிஞ்சியது, ஆனாலும் அம்மாவின் முகம் சுருங்கியே கிடந்தது. எனக்கு அழுகையாய் வந்தது.

மறுநாள் விடிந்தது. நெளிந்த மணியோடு நான் என் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். மா அறை வாசலில் அம்மா, தலையில் முந்தானை, பார்வை நிலத்தில். கயிற்றை இழுத்தார். மஞ்சள் ஏறியது.

பெரியப்பா கொட்டில் வாசலில் வந்து நின்றார். துவாயை உதறவில்லை. கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு மேலே உற்றுப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். மறுபடி பார்த்தார்.

"என்ன கொடி அது?" என்றார்.

அம்மா கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

"இந்தப் புகை பட்டுப் பட்டு என்ரை கண் பழுதாப் போட்டுது. நிறம் ஒண்டும் தெரியேல்லை," என்றார். பிறகு பூனையைப் பார்க்காமல், சுவரைப் பார்க்காமல், நேரே மா அறையைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, என்ன நிறம் எண்டு வாயாலை சொல்லு."

அம்மா நிமிர்ந்தார். முந்தானை தலையிலிருந்து சரிந்தது.

"மஞ்சள், அத்தான்."

"ஓம் பிள்ளை," என்று பெரியப்பா நெருப்பை மூட்டப் போனார். மாமா காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு மட்டையிடம் போனார். "கொடி ஏறியதும் நிறத்தைச் சத்தமாகச் சொல்லவும்" என்று எழுதிவிட்டு வந்து எனக்குக் கை காட்டினார். நான் மணியை அடித்தேன். நெளிந்த மணி, சத்தம் தகரம் மாதிரி வந்தது, யாரும் ஏசவில்லை.

நிறத்தோடு தொடங்கியது நிறத்தோடு நிற்குமா? கொஞ்ச நாளில் மஞ்சளோடு இன்றைய மா எப்படி என்பதும் வந்தது, பிறகு விறகு ஈரம், மழை வரும் போலிருக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாம் வந்தன. கப்பல்கள் வந்தன, போயின, போறணை எங்கள் கையிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு காலையும் கொடி ஏறும். ஒவ்வொரு காலையும் பெரியப்பா கேட்பார், அம்மா சொல்வார்.

பெரியப்பாவின் கண்ணுக்காக வீடே கவலைப்பட்டது. கண்ணுக்கு நல்லதென்று அம்மா எங்கெங்கோ தேடிப் பொன்னாங்காணி பிடுங்கி வந்து தினமும் வறை வறுத்துக் கொடுத்தார். கீரை என்றாலே முகம் சுளிக்கிற மனிதர் ஒரு நாள் விடாமல் தின்றார். அப்பா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டொக்டர், "உங்கடை கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை," என்றாராம். டொக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டினோம். பிறகு ஒருநாள் பெரியப்பா தனியாகப் போய்க் கறுப்புச் சட்டம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடியோடு வந்தார். அதைப் போட்டும் நிறம் தெரியவில்லை என்றார். பாவம், எவ்வளவு மோசமான கண் என்று நாங்கள் பரிதாபப்பட்டோம். அதே மனிதர்தான் மாவில் கிடந்த தலைமயிரைத் தூர நின்று கண்டுபிடித்தார். மூதூர் லோஞ்சு வளைவில் திரும்பும்போதே அதில் யார் நிற்கிறார்கள் என்று சொன்னார். எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பெரியவர்களுக்கே உறைக்கவில்லை என்றால் எனக்கு எங்கே உறைக்கும்?

அந்தக் கண்ணாடி அம்மாவிடம் இருந்து என்னிடம் வந்தது. ஒரு ஞாபகத்துக்குக் கைப்பையிலேயே வைத்திருப்பேன். கட்டு அவிழ்த்த அன்று, கண்ணாடி அளவு பார்க்கிற பொடியனிடம் அதைக் கொடுத்து, "இந்தப் பழைய சட்டத்துக்கு என்ரை வில்லையைப் போட்டுத் தர ஏலுமோ?" என்று கேட்டேன். அவன் அதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான்.

"அம்மா, இதிலை பவர் ஒண்டும் இல்லையே. இது வெறும் கண்ணாடி," என்றான்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? கேட்க இனி யாரும் இல்லை. பெரியப்பா சாகும்வரை அவருக்குப் பொன்னாங்காணி வறுத்துக் கொடுத்தார், அது மட்டும் எனக்குத் தெரியும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புதுக் கண்ணுக்கு அழக் கூடாது என்று தாதிப் பிள்ளை சத்தம் போட்டது. நான் பெரியப்பாவின் கண்ணாடியை மெல்ல மூக்கில் மாட்டிக்கொண்டு சன்னலடிக்குப் போனேன். எதிர்வீட்டு மாடியில் துணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மூன்றும் பளிச்சென்று தெரிந்தன.